விளக்கு, வெளிச்சம் தொடர்பான ஆங்கிலச் சொற்களை ஸ்லோவாக் மொழியில் எப்படிச் சொல்வது?

கேட்டவர் ஸ்லோவாக்கியாவுக்கு வேலைக்கு வரப்போகிறார். லைட், லாம்ப், பல்ப், ஸ்விட்ச் என்று ஆங்கிலத்தில் தெரிந்த சொற்களுக்கெல்லாம் ஸ்லோவாக் சொல் வேண்டும், மறக்காமல் இருக்க வழியும் வேண்டும் என்கிறார். நான் நித்ராவில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸில் இருக்கிறேன். இந்தச் சொற்கள் எனக்குத் தினமும் வாயில் புழங்குபவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஸ்பெல்லிங்கை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் ஸ்லோவாக் என்று நெட்டில் கிடைக்கும் அட்டவணையை உருப்போடாதீர்கள். அதில் பெயர்ச்சொல் மட்டும்தான் இருக்கும். இங்கே ஆட்கள் பேசுவது வினைச்சொல்லை வைத்து. விளக்கு விஷயத்தில் ஒரு வினை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: ஸ்வியெதி. எரிகிறது, ஒளிர்கிறது என்று பொருள். சூரியனுக்கும் அதுதான், நிலாவுக்கும் அதுதான், டியூப்லைட்டுக்கும் அதுதான். முன்னால் 'நெ' சேர்த்து நெஸ்வியெதி என்றால் எரியவில்லை. வீட்டுக்காரரிடம் போய் விளக்கைக் கையால் காட்டி "நெஸ்வியெதி" என்றால் போதும், அவர் ஏணியை எடுத்து வந்துவிடுவார்.

தொழிற்சாலையில் இது இன்னும் முக்கியம். மெஷின் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடுக்கு விளக்கு இருக்கும். மெஷின் நின்றுவிட்டால் ஷிஃப்ட் லீடர் தூரத்திலிருந்தே "ச்சோ ஸ்வியெதி?" என்று கேட்பார், என்ன எரிகிறது என்று. "ஸ்வியெதி ச்செர்வெனா" என்றால் சிவப்பு எரிகிறது. விட்டு விட்டு எரிந்தால் "ப்லிக்கா" என்று சொல்ல வேண்டும். நிலையாக எரிவதும் மின்னுவதும் பல மெஷின்களில் வேறு வேறு கோளாறைக் குறிக்கும். ஆகவே இந்த இரண்டு வினைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பச்சை ஸெலெனா, மஞ்சள் ஜ்ல்தா. ஜ்ல்தாவில் ஜ-வுக்கும் த-வுக்கும் நடுவே உயிரெழுத்தே கிடையாது. 'ல்' தான் அங்கே உயிர் மாதிரி வேலை செய்கிறது. வாய்க்குப் பழகச் சில நாள் ஆகும்.

அப்புறம் ஆங்கில 'லைட்'. அது ஒரே சொல்லாக இருந்துகொண்டு பல வேலை பார்க்கிறது; ஸ்லோவாக் மொழியில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள். வெளிச்சமும் விளக்கும் ஸ்வெத்லோ. டிராஃபிக் லைட் ஸெமஃபோர். டார்ச் லைட் பத்தெர்கா. பேச்சில் பேட்டரிக்கும் அதையே சொல்வார்கள். சிகரெட்டுக்கு நெருப்பு கேட்பவர் "மாத்தெ ஒஹென்?" என்பார், நெருப்பு இருக்கா என்று நம் ஊரில் கேட்கிற அதே மாதிரி. எடை குறைவு என்ற பொருளில் வரும் லைட்டுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை, அது ல்யக்கீ. வானத்து மின்னலும் கேமரா ஃபிளாஷும் ஒன்றே, ப்லெஸ்க்.

நினைவில் வைக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது, வெள்ளைக்காரர்களுக்குக் கிடைக்காதது. ஸ்வெத்லோ என்ற சொல்லும் வடமொழி ஸ்வேதமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஸ்வேதா என்று பெயர் வைத்த பெண் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பார், அந்தச் சொல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒஹென் என்பது அக்னிக்கு உறவு. புகைக்கு திம் என்பார்கள், அது தூமம். இருட்டு த்மா, அது தமஸ். நான்கையும் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம், பிறகு மறக்காது.

நம் மொழி கொடுக்கிற இன்னொரு உதவி குறில் நெடில். ஸ்வெத்லா என்று நெடிலில் முடித்தால் விளக்குகள். ஸ்வெத்ல என்று குறிலில் முடித்தால் வெளிச்சத்தின், விளக்கின். இங்கே வேலை பார்க்கும் மற்ற வெளிநாட்டவர்கள் இதில் திணறுவார்கள், நமக்கு இது ஒன்றாம் வகுப்புப் பாடம். அதேபோல் இவர்களுடைய 't' பெரும்பாலும் நம் 'த்' தான். ஆங்கிலம் போல 'ட்' போட்டு அழுத்த வேண்டாம். சொல் எதுவானாலும் அழுத்தம் முதல் அசையில்.

வீட்டுக்குள் வருவோம். பொதுவாக விளக்கு லம்பா. மேஜை விளக்கும் தெரு விளக்கும் லம்பாதான். கூரையில் தொங்குவது லுஸ்தெர், சாதாரணமானதாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். விளக்கின் மேல் கவிழ்க்கும் மூடி தியெனித்லோ. தியென் என்றால் நிழல். ஸ்விட்ச் விப்பீனச். பிளக் செருகும் இடம் ஸாஸுவ்கா. மேஜையின் இழுப்பறைக்கும் ஸாஸுவ்கா என்றுதான் பெயர், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் மூன்று பாலும் வந்துவிட்டதைக் கவனியுங்கள்: ஆ-வில் முடியும் லம்பா பெண்பால், மெய்யில் முடியும் லுஸ்தெர் ஆண்பால், ஓ-வில் முடியும் ஸ்வெத்லோ அலிப்பால். பெரிய விளக்கு என்று சொல்ல வெல்கா லம்பா, வெல்கீ லுஸ்தெர், வெல்கே ஸ்வெத்லோ. இலக்கணப் புத்தகம் திறக்காமலே பெயரடை மாறும் விதத்தை இந்த மூன்றில் பிடித்துவிடலாம்.

தமிழில் லைட்டைப் போடு என்போம், குத்துவிளக்கை ஏற்று என்போம். சாமி விளக்கை அணை என்று சொல்ல வாய் வராது, மலையேற்று என்போம். ஸ்லோவாக் மொழியிலும் மின்விளக்குக்கும் தீபத்துக்கும் வினை வேறு. லைட்டைப் போடு என்பதற்கு ஸஸ்வியெத். அணை என்பதற்கு ஸ்ஹஸ்னி. மெழுகுவர்த்தியை ஏற்று என்றால் ஸப்பால் ஸ்வியெச்கு, ஊதி அணை என்றால் ஸ்ஃபூக்னி. மரியாதைக்குக் கடைசியில் 'தெ' சேர்த்தால் ஆயிற்று: ஸஸ்வியெத்தெ, ஸ்ஹஸ்னிதெ. பெரியவர்களிடமும் புதியவர்களிடமும் 'தெ' இல்லாமல் பேச வேண்டாம். நீ, நீங்கள் வேறுபாட்டை இவர்களும் நம்மைப் போலவே கவனிப்பார்கள்.

பல்ப் வாங்குவதில்தான் வந்த புதிதில் நம் ஆட்கள் தடுமாறுவதைப் பார்க்கிறேன். குண்டு பல்ப் ஜியரொவ்கா, டியூப்லைட் ஜியரிவ்கா. நடுவில் ஒரே ஒரு உயிரெழுத்துதான் வேறு. கடையில் கேட்கும்போது இரண்டாம் வேற்றுமை வரும், ஜியரொவ்கு என்று கேட்க வேண்டும். ஜியரிவ்காவின் காலம் இங்கே முடிந்துகொண்டிருக்கிறது. வழக்கமான டி8 பாதரச டியூப்களைப் புதிதாகச் சந்தைக்கு விடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டோடு நிறுத்திவிட்டது. எல்இடியை இங்கே எழுத்தெழுத்தாகச் சொல்லாமல் 'லெத்' என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள்.

மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் ஊரிலிருந்து பல்ப் கொண்டு வராதீர்கள். நம் வீடுகளில் இரண்டு பின் வைத்து அழுத்தித் திருப்பும் பி22 ஹோல்டர். இங்கே திருகு மரை. பெரியது இ27, சிறியது இ14. அந்த எண் மரையின் விட்டம், மில்லிமீட்டரில். பல்பின் அடிப்பகுதிக்கு பெத்தித்ஸா என்று பெயர். பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள், பெயர் மறந்தாலும் காரியம் நடக்கும். பெட்டியில் வாட்டைவிட, வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமனைப் பாருங்கள். 806 லூமன் என்றால் பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம். அடுத்து நிறம். தெப்லா பியெலா என்றால் இளஞ்சூடான வெள்ளை, சுமார் 2700 முதல் 3000 கெல்வின் வரை. ஸ்துதெனா பியெலா குளிர்ந்த வெள்ளை, நம் ஊர் டியூப்லைட் போன்ற நீலம் கலந்த வெளிச்சம். எனக்குத் தெரிந்த ஸ்லோவாக் வீடுகளில் கூடத்திலும் படுக்கையறையிலும் தெப்லா பியெலாதான். நம் ஆட்களுக்கு அது மங்கலாகத் தெரியும். படிக்கிற மேஜைக்கு 4000 கெல்வின் வாங்குங்கள், கண்ணுக்கு நல்லது என்பது என் அனுபவம்.

கரண்ட் போனால் "விப்பதொல் ப்ரூத்". உங்கள் வீட்டில் மட்டும் போயிருந்தால் இஸ்திச்சைப் பாருங்கள், கோளாறு வந்தால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்சுக்கு இங்கே அதுதான் பெயர்.

இலையுதிர் காலத்தில் வந்தீர்கள் என்றால் சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே கண்ணாடிக் குப்பியில் மூடி போட்ட மெழுகு விளக்குகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஒன்று என்றால் கஹனெத்ஸ், பல என்றால் கஹன்த்ஸெ. நவம்பர் 1 எல்லாப் புனிதர் திருநாள், 2 இறந்தோர் நினைவு நாள். பேச்சில் துஷிச்கி என்பார்கள். துஷா என்றால் ஆன்மா. குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போய் இவற்றை ஏற்றி வைப்பார்கள். வீட்டு அலங்காரத்துக்கு என்று கஹனெத்ஸ் வாங்கி யாருக்கும் பரிசு கொடுத்துவிடாதீர்கள், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இதற்கு மூலமான கஹன் என்ற சொல் சுரங்கத் தொழிலாளியின் விளக்கைக் குறிக்கும். பான்ஸ்கா ஷ்டியாவ்னித்ஸா போன்ற பழைய சுரங்க ஊர்களுக்குப் போனால் அதைப் பார்க்கலாம். பிப்ரவரி 2 அன்று கோவிலில் மந்திரிக்கும் மெழுகுவர்த்தி ஹ்ரொம்னிச்கா. ஹ்ரொம் என்றால் இடி. இடி மின்னல் நேரத்தில் வீட்டுக்குக் காவலாக அதை ஏற்றும் வழக்கம் கிராமங்களில் உண்டு.

கார் விளக்குச் சொற்கள் உங்களுக்கு நிச்சயம் தேவைப்படும். ஜிலினாவில் கியா, நித்ராவில் ஜாகுவார் லேண்ட் ரோவர், பிராத்திஸ்லாவாவில் ஃபோக்ஸ்வாகன் என்று நாடே கார் செய்கிறது. ஹெட்லைட் ஸ்வெத்லொமெத், வெளிச்சத்தை வீசுவது. லோ பீம் ஸ்த்ரெத்தாவத்ஸியெ, எதிரே வண்டி சந்திக்கும்போது போடுவது. ஹை பீம் தியல்கொவே, தொலைவுக்கானது. பனிமூட்ட விளக்கு ஹ்ம்லொவே, பிரேக் லைட் ப்ர்ஸ்தொவே, இண்டிகேட்டர் ஸ்மெரொவ்கா. டாஷ்போர்டில் எரியும் குட்டி விளக்கு கொன்த்ரொல்கா. வண்டி ஓட்டுபவராக இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்லோவாக்கியாவில் பட்டப்பகலிலும், வருடம் முழுக்க, முன்விளக்கு எரிய வேண்டும். அது சட்டம்.

எந்த ஊர், எந்தப் பிரிவு என்று கருத்தில் சொல்லுங்கள். அசெம்பிளி லைன் என்றால் ஒயரிங், கனெக்டர் சொற்களையும் இதன் கீழே சேர்த்துவிடுகிறேன்.