எலும்பைத் தொடும் முன் வரைபடம்: டைனோசர் புதைபடிவத்தைக் களத்தில் எடுக்கும் முறை

கேள்வி: புவியியல் முதுநிலை மாணவர்களான நாங்கள் களப்பணிக்காக அரியலூர் வட்டாரத்துக்குச் செல்லவிருக்கிறோம். ஓடைக்கரையில் டைனோசர் எலும்பு ஏதேனும் தென்பட்டால் அதை எப்படி எடுப்பது? எதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும்?

பதில்: எலும்பின் முனை கண்ணில் பட்டதும் கை சுத்தியலைத்தான் தேடும், அதைத் தடுத்துக்கொள்வதே முதல் வேலை. இடத்தைப் பதிவு செய்துவிட்டு, உங்கள் துறைக்கும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். அனுமதியும் அனுபவமுள்ள வழிகாட்டியும் இல்லாமல் தோண்ட வேண்டாம்.

இந்த எச்சரிக்கைக்கு உங்கள் வட்டாரமே சான்று. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரை விவரித்தார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. ஊனுண்ணி என முதலில் கருதப்பட்ட அது, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி வகையைச் சேர்ந்தது எனப் பின்னர் பிறர் கருதினர். ஆனால் எளிதில் நொறுங்கும் அந்த எலும்புகள் உதிர்ந்து போய்விட்டதால், மீண்டும் அளந்து பார்க்க வழியில்லை. 2022-இல் வெளியான பழைய களப் புகைப்படங்களே இன்று எஞ்சியுள்ள முக்கியச் சான்று.

இதற்கு நேர்மாறானது குஜராத்தின் ரஹியோலி. அங்கே 1982 முதல் 1984 வரை அகழ்ந்த சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா, எந்த எலும்பு எங்கே கிடந்தது என்பதை விரிவான வரைபடமாக்கி வைத்தார். பல ஆண்டுகள் கழித்து தொல்லுயிரியலாளர்கள் ஜெஃப்ரி வில்சன், பால் செரினோ உள்ளிட்ட குழுவினர், சிதறிய எலும்புகளில் எவை ஒரே விலங்குக்குரியவை என்பதைக் கண்டறிய அந்த வரைபடம் துணைநின்றது. அப்படித்தான் 2003-இல் அந்த விலங்கு ராஜசாரஸ் என்ற டைனோசராகப் பெயர் பெற்றது.

ஆகவே அகழ்வு தொடங்கியதும் ஜிபிஎஸ் புள்ளி, அடுக்கின் வகை, நிறம், மணல் பருமன் ஆகியவற்றைக் களக்குறிப்பேட்டில் எழுதுங்கள். கயிறு கட்டி 1 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, வரைபடத் தாளில் 1:10 அளவில் வரையுங்கள். ஒவ்வொரு எலும்புக்கும் எண் கொடுத்து, நீள எலும்புகள் நோக்கும் திசையையும் சாய்வையும் திசைகாட்டியால் அளந்து எழுதுங்கள். பண்டைய நீரோட்டம் எலும்புகளை அடித்து வந்ததா என்பதை அறிய இவை உதவும். அளவுகோலும் வடக்குக் குறியும் வைத்து, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பெருமளவு படியுமாறு எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்தால், பின்னர் கணினியில் முப்பரிமாண வடிவம் உருவாக்கலாம். ஒவ்வொரு அடுக்கைத் தோண்டிய பின்னும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

விரிசல் கண்ட எலும்பில் மரவேலைக்கான வெள்ளைப் பசையை ஊற்றும் பழக்கத்தை அருள்கூர்ந்து கைவிடுங்கள். ஊறிய பிறகு அதை நீக்குவது மிகக் கடினம். அசிட்டோனில் சுமார் 5 விழுக்காடு கரைத்த பாராலாய்ட் பி-72 என்னும் பிசின் விரிசலுக்குள் இறங்கும், தேவையானால் மறுபடி கரைத்தும் எடுக்கலாம். எலும்பு ஈரமாக இருந்தால் இந்தப் பிசின் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால், நிழலில் மெல்ல உலரவிட்ட பின்னரே தடவ வேண்டும்.

எடுக்கும்போது எலும்பைத் தனியே பிரிக்காமல், சுற்றிலும் பள்ளமிட்டு, அடிமண்ணோடு காளான் குடை போல நிற்கச் செய்யுங்கள். ஈரமாக்கிய மெல்லிய தாளை முதலில் போர்த்த வேண்டும். அது இல்லையென்றால் பிளாஸ்டர் எலும்பைக் கவ்விக்கொள்ளும். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த சாக்குத்துணிப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, அடிவிளிம்புக்குக் கீழேயும் மடித்து விடுங்கள். நீண்ட எலும்பென்றால் இடையில் மரச்சட்டம் வையுங்கள். நன்கு இறுகியதும் காம்பை வெட்டி, பலர் சேர்ந்து ஒரே மூச்சில் புரட்டி, அடிப்பக்கத்தையும் மூடுங்கள். எலும்பு எண், தேதி, வடக்கு அம்பு, மேற்பக்கம் எது என்பவற்றை அழியாத மையால் உறையின் மீதே எழுதுங்கள்.

சுற்றியிருந்த மண்ணைக் கொட்டிவிடாமல், சதுரவாரியாகப் பைகளில் சேர்த்து, நீரில் கரைத்து நுண்சல்லடையில் சலித்துப் பாருங்கள். ட்ரூடான்டிட் என்னும் சிறிய டைனோசர் வகை இந்தியாவிலும் வாழ்ந்தது என்று 2013-இல் அறிவிக்கப்பட்டதற்கு ஆதாரம், கல்லமேட்டுப் பாறை அடுக்கில் கிடைத்த ஒரே ஒரு பல்தான்.