செயலிகளில் 3+, 7+ என்று போட்டிருப்பதற்கு என்ன பொருள்?

குழந்தைக்காக ஒரு விளையாட்டைப் பதிவிறக்கும்போது கண்ணில் படும் அந்த எண், வயது மதிப்பீடு. அந்த வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாத வன்முறை, கெட்ட வார்த்தை, மிரட்டும் காட்சி எதுவும் உள்ளே இல்லை என்பதுதான் அதன் பொருள். விளையாட எளிதா, கடினமா என்று அது சொல்வதே இல்லை.

காரணம், கூகுள் பிளேயில் செயலியை உருவாக்கியவர் நிரப்பும் கேள்வித்தாளை வைத்தே எண் முடிவாகிறது. கேள்விகளோ உள்ளடக்கத்தைப் பற்றியவை. ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு வயது எண் தர 2003 முதல் இருக்கும் பெகி (PEGI) முறையும் திறமையை அளப்பதில்லை. அதனால்தான் சதுரங்கத்துக்கும் 3+ கிடைக்கிறது. அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் குழந்தைக்குக் கெடுதலானது ஒன்றுமில்லை, ஆனால் மூன்று வயதில் அதை யார் படிப்பார்கள்?

ஆகவே, உருவாக்கியவர்கள் சொல்லும் வயதையே பாருங்கள். நிரல் எழுதப் பழக்கும் ஸ்கிராட்ச் ஜூனியர் செயலி 5 முதல் 7 வயதுக்கானது. வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட அதில் படக்கட்டைகளைக் கோத்துப் பூனையை நடக்கவைக்கலாம். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கான் அகாடமி கிட்ஸ் என்ற கற்றல் செயலி 2 முதல் 8 வயது வரை. இரண்டும் இலவசம், விளம்பரமும் கிடையாது.

3+ என்றால் உள்ளே காசு கேட்காது, முன்பின் தெரியாதவர் பேச மாட்டார் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, செயலிக்குள் வாங்குதலும் பயனர் உரையாடலும் தனிக் குறிப்பாகவே வரும்.