எஸ்கலேட் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?

ஆபீஸில் "எஸ்கலேட் பண்ணு" என்கிறார்கள், செய்தியிலும் "போர் எஸ்கலேட் ஆகிறது" என்று வருகிறது, இரண்டும் ஒரே சொல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே சொல்தான். ஆனால் இரண்டு இடத்திலும் வேலை வேறு. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சப்போர்ட் டீமில் இருக்கிறேன். இந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு ஷிஃப்டும் முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பொருள், ஒரு விஷயம் இருந்த நிலையிலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தீவிரமாவது. "வாய்த்தகராறு முற்றி கைகலப்பானது" என்று தினசரிகளில் படிக்கிறோமே, அந்த 'முற்றி'தான் எஸ்கலேட். ஆங்கிலத்தில் எழுதினால் 'தி ஆர்க்யுமென்ட் எஸ்கலேட்டட் இன்டு எ ஃபைட்'. எதுவாக மாறியது என்று சொல்லும்போது 'இன்டு' வரும், கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பொருள், நம் கையில் தீராத பிரச்சினையை மேலே இருப்பவரிடம் கொண்டுபோவது. அங்கே 'டு' வரும்: 'ஐ எஸ்கலேட்டட் தி இஷ்யூ டு மை மேனேஜர்'.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறைய பேர் 'எக்ஸ்கலேட்' என்றோ 'எஸ்குலேட்' என்றோ சொல்கிறார்கள். எஸ்-க-லேட் என்பதுதான் சரி. அழுத்தம் முதல் அசையில்.

சொல் பிறந்த கதை சுவாரசியமானது, பொருளை மனசில் நிறுத்தவும் உதவும். மால்களில் நாம் ஏறும் எஸ்கலேட்டர்தான் முதலில் வந்தது. அமெரிக்கரான சார்லஸ் சீபெர்கர் தன் நகரும் படிக்கட்டுக்கு வைத்த வணிகப் பெயர் அது. ஏணி, படி என்று பொருள்படும் 'ஸ்காலா' என்ற லத்தீன் சொல் அதன் வேரில் இருக்கிறது. லிஃப்ட் தயாரிக்கும் ஓடிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அதை வைத்தார். பெயர் ஊரெல்லாம் பரவி, எந்த கம்பெனி செய்த நகரும் படியானாலும் அதற்கும் எஸ்கலேட்டர் என்றே பெயர் ஆகிவிட்டதால் 1950-இல் ஓடிஸ் அந்த வணிகப் பெயருக்கான தனி உரிமையை இழந்தது. எஸ்கலேட் என்ற வினைச்சொல் இந்தப் பெயரிலிருந்து கிளைத்ததுதான்.

இன்று செய்தியில் வரும் பொருள் நிலைத்தது பனிப்போர் காலத்தில். ஹெர்மன் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965-இல் இரு வல்லரசுகளின் மோதலை 44 படிகள் கொண்ட ஏணியாக வரிசைப்படுத்தினார். முதல் படி, நெருக்கடி போலத் தோன்றும் ஒரு நிலை. கடைசிப் படி, எந்தக் கட்டுப்பாடும் இல்லாத முழு அணுப்போர். அதே சமயத்தில் வியட்நாமில் அது கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. 1964 கடைசியில் அங்கே இருந்த அமெரிக்கப் படையினர் சுமார் 23,000 பேர். ஒரே வருடத்தில் அது 1,80,000-ஐத் தாண்டியது. 1968-இல் ஐந்து லட்சத்துக்கும் மேல். யாரும் ஒரே நாளில் ஐந்து லட்சம் பேரை அனுப்பவில்லை. ஒரு முடிவு அடுத்த முடிவுக்கு இழுத்துக்கொண்டு போனது. எஸ்கலேட் என்றால் இதுதான். சும்மா அதிகமாவது இல்லை, ஒரு படி ஏறினால் அடுத்த படியும் ஏற வேண்டிவருவது. இதற்கு எதிர்ச்சொல் டீ-எஸ்கலேட், பதற்றத்தைத் தணிப்பது.

விலைவாசிக்கும் இந்தச் சொல் வரும். கட்டட ஒப்பந்தங்களில் 'பிரைஸ் எஸ்கலேஷன்' என்று ஒரு பிரிவு இருக்கும். கம்பி, சிமென்ட் விலை ஏறினால் ஒப்பந்தத் தொகையையும் எந்தக் கணக்கில் ஏற்றுவது என்று அதில் எழுதியிருப்பார்கள். புது ஃபிளாட் வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பிரிவை அவசியம் படியுங்கள்.

அதற்காக எல்லாத் தீவிரத்துக்கும் எஸ்கலேட் போடக்கூடாது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி புயலாக வலுப்பெறும்போது வானிலை அறிக்கையில் வருவது 'இன்டென்சிஃபை'. ஆஸ்துமா திடீரென்று மோசமானால் டாக்டர் எழுதுவது 'எக்ஸாசர்பேஷன்'. அதன் வினையான 'எக்ஸாசர்பேட்'டுக்கு எப்போதும் ஒரு செயப்படுபொருள் வேண்டும், ஏதோ ஒன்று இன்னொன்றை மோசமாக்க வேண்டும். எஸ்கலேட் அப்படி இல்லை, தானாகவும் நடக்கும், ஒருவர் செய்யவும் செய்யலாம். மோதல், பதற்றம், செலவு, புகார் இவற்றோடு அது நன்றாகப் பொருந்தும். மழைக்கும் தலைவலிக்கும் பொருந்தாது.

இப்போது ஆபீஸ் பொருளுக்கு வருகிறேன். நான் இந்தப் பதிலை எழுதுவதே முக்கியமாக இதற்காகத்தான். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், அதிலும் ஊர்ப்பக்கத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வருகிறவர்கள், எஸ்கலேட் பண்ணுவதை ஒருவரைப் போட்டுக்கொடுப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் டீமில் ஒரு தம்பி ராத்திரி ஷிஃப்டில் ஒரு டிக்கெட்டை, அதாவது வாடிக்கையாளர் புகார் பதிவை, வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாடிக்கையாளருடைய பில்லிங் நின்றுபோயிருந்தது. அடுத்த மட்டத்தில் இருக்கிற எல்-2 டீமுக்கு மெயில் போட்டிருக்கிறான், பதில் இல்லை. ஒப்பந்தப்படி தீர்க்க வேண்டிய நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. "மேல சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "அண்ணா, எஸ்கலேட் பண்ணா அந்த எல்-2 அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டான்.

அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் சில வாடிக்கையாளர்களும் மேனேஜர்களும் இந்தச் சொல்லை மிரட்டலாகத்தான் பயன்படுத்துகிறார்கள். "எஸ்கலேட் பண்ணிடுவேன்" என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் எல்-1, எல்-2, எல்-3 என்று மட்டங்கள் வைத்ததும், எத்தனை மணி நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எஸ்கலேஷன் மேட்ரிக்ஸ் போட்டு வைத்ததும் பிரச்சினை ஓரிடத்தில் தேங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தப் பட்டியலில் இருக்கும் பெயரை நேரத்துக்குக் கூப்பிடாமல் விடுவதுதான் வேலையில் குறை.

ஒரு சின்ன இலக்கணம் இதில் பெரிய வித்தியாசம் செய்யும். எஸ்கலேட் ஆவது பிரச்சினை, ஆள் இல்லை. "அவரை எஸ்கலேட் பண்ணிட்டேன்" என்று நம் பேச்சில் சொல்வதை அப்படியே மெயிலில் ஆங்கிலமாக்கினால் அது தவறு, படிக்கிறவரையும் குத்தும். 'ஐ ஆம் எஸ்கலேட்டிங் திஸ் டிக்கெட்' என்று டிக்கெட்டை முன்னே வையுங்கள். 'எஸ்கலேட் அப்' என்றும் எழுத வேண்டாம், மேலே என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அன்றைக்கு அந்தத் தம்பியும் நானும் சேர்ந்து எழுதிய மெயிலில் யார் பதில் சொல்லவில்லை என்ற வரியே கிடையாது. எப்போதிலிருந்து பில்லிங் நின்றிருக்கிறது, வாடிக்கையாளருக்கு என்ன பாதிப்பு, நாங்கள் இதுவரை என்னென்ன செய்து பார்த்தோம், இப்போது எங்களுக்கு என்ன உதவி வேண்டும், அதுவும் எத்தனை மணிக்குள். அவ்வளவுதான். அந்த எல்-2 அண்ணனுக்கும் மெயிலின் நகல் போகும்படி வைத்தோம், அவருக்குத் தெரியாமல் போகிற விஷயமாக இருக்கக் கூடாது என்பதற்காக. மேலே இருந்து ஆள் வந்தார், வேலை நடந்தது, அந்த எல்-2 அண்ணனும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆபீஸுக்கு வெளியே வங்கிப் புகாரிலும் இதே முறைதான். உங்கள் கணக்கில் தவறாகப் பணம் பிடித்துவிட்டார்கள் என்றால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் எஸ்கலேட் செய்யலாம். வங்கியிடம் போகாமல் நேராக அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள். அதனால் வங்கிக்குக் கொடுத்த புகாரின் எண்ணையும் தேதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.