மன்னிப்புக் கேட்டும் மனம் ஏன் இறங்குவதில்லை?

தவறு செய்தவர் மன்னிப்புக் கேட்ட பிறகும் சிலர் மன்னிக்காதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் சொல் நேராக மனத்தைத் தொடுவதில்லை. உளவியலாளர் மைக்கேல் மெக்கல்லோவும் சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, மன்னிப்புக் கோரல் முதலில் இரக்கத்தை எழுப்புகிறது. பெரும்பாலும் அந்த இரக்கத்தின் வழியாகவே மன்னிப்பு பிறக்கிறது. நடந்ததையே அசைபோடுகிறவருக்குக் கோபம் ஆறாது.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வயல். ஒரு கோடையில் சித்தப்பா தண்ணீர் முறை தவறி இரவில் மடையைத் திறந்துகொண்டார். “தப்புதான் அண்ணாச்சி” என்று வந்து நின்றபோது அப்பா வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுவாரம் தம்பியின் வரப்பில் நடந்தவர், வெடித்த மண்ணில் வாடிப் பழுத்துக் கிடந்த பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். அன்று மாலையே தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். (முறைத் தண்ணீர் நாளில் மட்டும் இன்றும் மடையில்தான் படுக்கிறார்.)