பழைய படத்தில் நிற்கும் விமானம் எது?

கேள்வி: தாத்தாவின் ஆல்பத்தில் ஓர் இரட்டை இறக்கை விமானம். மூக்கின் மேல்புறம் நான்கு சிலிண்டர்கள் தலைநீட்டுகின்றன. பார்த்தவர்கள் எல்லோரும் டைகர் மாத் என்கிறார்கள். சரிதானா?

பதில்: இல்லை. இரண்டு இறக்கையும் திறந்த இருக்கையும் தெரிந்தால் போதும், உடனே டைகர் மாத் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் என்ஜின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. சிலிண்டர்கள் கீழே தொங்கும். புரொப்பல்லர் மூக்கின் உச்சியில் இருக்கும். உங்கள் படத்தில் நேர்மாறு. வாலின் வளைவும் டைகர் மாத்தைத் தயாரித்த டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் பாணி என்பதால், 1925-இல் முதலில் பறந்த டிஎச்.60 மாத் குடும்பம் என்பேன்.

இறக்கையையும் பாருங்கள். பழைய மாத்தில் முன்னிருக்கைக்கு நேர் மேலே இறக்கை இருந்தது; பாரசூட் கட்டியவர் அவசரத்தில் வெளியேறுவது கடினம். டைகர் மாத்தில் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள். அதனால் கெட்ட எடைச் சமநிலையைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். உங்களுடையது நேரான இறக்கை. இந்தச் சோதனையை விடாதீர்கள்: மாத் குடும்பத்திலேயே பிற்பாடு தலைகீழ் என்ஜினும் வந்தது. மூக்கை மட்டும் நம்பி நானே ஏமாந்திருக்கிறேன்.

கேள்வி: முதல் உலகப் போர்க் காலப் படம். வாலில் உள்ள சுக்கானில் மூன்று பட்டைகள்: முன்னே வெளிர் சாம்பல், நடுவே வெள்ளை, பின்னே கறுப்பு. பெல்ஜியம் விமானமா?

பதில்: அக்காலத்து ஃபிலிம் பெரும்பாலும் சிவப்பைக் காணாத ஆர்த்தோக்ரோமேட்டிக் வகை. சிவப்பு கறுப்பாகும், நீலம் வெளுத்துப்போகும், மஞ்சளும் இருண்டுவிடும். பெல்ஜியத்தின் கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்றால் மூன்று பட்டையும் இருண்டிருக்க வேண்டும். நடுவே பளிச்சென்று வெள்ளை இருப்பதால் இது நீலம், வெள்ளை, சிவப்பு. பிரான்ஸ் அல்லது பிரிட்டன். இறக்கையில் உள்ள வட்டக்குறியின் நடுப்புள்ளி வெளிறியிருந்தால் பிரான்ஸ், கறுத்திருந்தால் பிரிட்டன்.

கேள்வி: விமானம் தெளிவாக இருக்கிறது, என்ஜின் மட்டும் கலங்கலாக இருக்கிறது. படம் கெட்டுவிட்டதா?

பதில்: படம் நன்றாகத்தான் இருக்கிறது. அது ரோட்டரி என்ஜின். புரொப்பல்லரோடு சிலிண்டர்களும் சேர்ந்தே சுழலும். நோம், லெ ரோன், கிளெர்ஜே ஆகியவை அந்த வகை.

கேள்வி: பனியில் நிற்கும் விமானம், இறக்கையில் ஸ்வஸ்திகா. ஜெர்மனிதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். பின்லாந்து விமானப்படை 1918 முதலே வெள்ளை வட்டத்தில் நீல ஸ்வஸ்திகாவைப் பயன்படுத்தியது. நாஜிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. லாட்வியாவிலும் சிவப்பில் ஒன்று இருந்தது.

கேள்வி: நெளிநெளியான உலோகத் தகடு, மூன்று என்ஜின்கள். யுங்கர்ஸா, ஃபோர்டா?

பதில்: இறக்கை உடலுக்கு மேலே இருந்தால் ஃபோர்டு டிரைமோட்டார், கீழே இருந்தால் யுங்கர்ஸ் யு 52. ஒரே பார்வையில் தீரும்.

கேள்வி: எழுத்து எதுவும் தெரியாத ஒரு படத்தில், புகைபோக்கிக் குழாய் எல்லா நூல்களிலும் இருப்பதற்கு மறுபக்கம் இருக்கிறது. அரிய வகையா?

பதில்: அருகில் நிற்கும் ஆண்களின் கோட்டைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும். எல்லோருக்கும் மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். அடுத்த முறை ஆட்களை வெட்டிவிட்டு அனுப்பாதீர்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.