ஸ்கோர் ஏறினால் படம் துள்ளுகிறதா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “நிண்டெண்டோவின் பழைய நெஸ் கன்சோலுக்கு, அதன் சிபியுவின் மொழியான 6502 அசெம்ப்ளியில் சின்னதாக ஒரு கேம் எழுதினேன். கணினியில், பழைய எமுலேட்டரில் (கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருளில்) ஒழுங்காக ஓடுகிறது. நிஜக் கன்சோலில் போட்டால், ஸ்கோர் ஏறும்போதெல்லாம் படம் ஒரு துள்ளு துள்ளுகிறது, எழுத்தும் சிதறுகிறது. தப்பை எங்கே தேடுவது?”

ஸ்கோர் கூட்டும் கணக்கில் தேட வேண்டாம். அதைத் திரைக்கு அனுப்பும் நேரத்தில்தான் கோளாறு இருக்கும். பிபியு, அதாவது கன்சோலில் படம் வரையும் சிப், வரைந்துகொண்டிருக்கும்போது அதன் நினைவகத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி, அதாவது விபிளாங்க், என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) கன்சோலில் 20 வரிகள்தான். சிபியு கணக்கில் சுமார் 2273 சுழற்சிகள். ஸ்ப்ரைட்களை (திரையில் நகரும் உருவங்களை) $4014 என்ற ரெஜிஸ்டர் வழியாக அனுப்பினாலே 513 போய்விடும். 1997-இல் வந்த நெஸ்டிக்கிள் போன்ற பழைய எமுலேட்டர்கள் இந்தக் கெடுபிடியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால்தான் உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது.

மெசென் எமுலேட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். எஃப்சிஇயுஎக்ஸ் எமுலேட்டரின் டீபக்கரும் (பிழை தேடும் கருவி) நல்லதுதான், ஆனால் இந்தக் கோளாறுக்கு நான் முதலில் திறப்பது மெசெனின் ஈவென்ட் வியூவரைத்தான். ஒரு ஃபிரேம் முழுவதும் படமாக விரியும். ரெஜிஸ்டரில் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும். பிபியு நினைவகத்தில் எழுதப் பயன்படும் $2006, $2007 ரெஜிஸ்டர்களின் புள்ளிகள் எல்லாம் அடியில், 241-ஆம் வரியிலிருந்து கீழேதான் இருக்க வேண்டும். உங்கள் கேமில் ஒன்றிரண்டு படத்தின் நடுவிலேயே கிடக்கும் என்று நினைக்கிறேன். அதன்மேல் மவுஸை வைத்தால் எந்த வரி, எந்தக் கட்டளை என்று காட்டிவிடும். சிஏ65 அசெம்ப்ளரில் எழுதியிருந்தால் டீபக் கோப்பையும் உருவாக்கி ஏற்றுங்கள். வெறும் முகவரிக்குப் பதில் நீங்கள் வைத்த பெயர்களே தெரியும், பாதி வேலை மிச்சம்.

இடம் தெரிந்ததும், ஸ்கோர் இலக்கங்களை ரேமில் சேர்த்து வையுங்கள். என்எம்ஐ (விபிளாங்க் தொடங்கியதும் சிபியுவுக்கு வரும் குறுக்கீடு) வந்ததும் திரைக்கு அனுப்புங்கள்.

சரி, புள்ளிகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தும் துள்ளுகிறதா? அப்போது ஸ்க்ரோலை, அதாவது படம் எந்த இடத்திலிருந்து வரையப்படுகிறது என்பதை, பாருங்கள். $2005-உம் $2006-உம் உள்ளே ஒரே ரெஜிஸ்டரைத்தான் தொடுகின்றன. எழுதி முடித்ததும் $2000-ஐயும் $2005-ஐயும் மறுபடி அமைக்காவிட்டால், ஸ்கோருக்குக் கொடுத்த முகவரியே ஸ்க்ரோலாகிவிடும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மெசென் அமைப்புகளில் பவர் ஆன் ஆகும்போது ரேமில் தாறுமாறான மதிப்புகள் நிரம்பும்படி வையுங்கள். நிஜக் கன்சோலின் 2 கேபி ரேம் சுழியத்தோடு தொடங்கும் என்று நம்ப முடியாது.