டெலவேர் ஓவியத்தில் கொடி பிடித்திருப்பவர்

அமெரிக்க விடுதலைப் போரில் தளபதி வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடந்தபோது, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மன்றோ அவருடைய படகில் போகவில்லை. அந்தக் காட்சியைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியத்தில் மன்றோ கொடியோடு நிற்கிறார், அவருடைய வாழ்க்கை வரலாற்றிலோ முன்படையோடு முதலிலேயே ஆற்றைக் கடந்ததாக இருக்கிறது, கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்க்கை வரலாற்றையே எழுதுங்கள்.

குழப்பம் காலத்தால் வந்தது. ஆற்றைக் கடந்தது 1776 டிசம்பர் 25 இரவு. ஓவியர் லோய்ட்சே அந்தப் படத்தை வரைந்து முடித்தது 1851இல். அதற்குள் மன்றோ குடியரசுத் தலைவராக இருந்து மறைந்தும்விட்டார். பெயர்பெற்றவரைப் படகில் ஏற்றிவிட்டார் ஓவியர் என்றே நினைக்கிறேன்.

நீங்களே சரிபார்க்கலாம். படத்திலுள்ள கொடியைப் பாருங்கள்: நட்சத்திரங்களும் பட்டைகளும் கொண்ட அந்தக் கொடியை அமெரிக்க காங்கிரஸ் ஏற்றது 1777 ஜூன் 14இல்தான், அதாவது ஆற்றைக் கடந்த பிறகு.

ஒன்று மட்டும், இதை வைத்து மன்றோவின் வீரமும் கற்பனை என்று எழுதிவிடாதீர்கள். மறுநாள் காலை டிரென்டன் நகரில், பிரிட்டனுக்காகப் போரிட்ட ஜெர்மானிய ஹெஸ்ஸியப் படையின் பீரங்கிகளைக் கைப்பற்றப் பாய்ந்த அந்த 18 வயது லெப்டினன்டின் தோளில் குண்டு பாய்ந்து ரத்தக்குழாய் அறுந்தது. முந்தைய இரவுதான் வழியில் வந்து சேர்ந்திருந்த ரைக்கர் என்ற மருத்துவர் ரத்தத்தை நிறுத்தியிராவிட்டால் பிழைத்திருக்க மாட்டார். 1782இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கும் 1817இல் குடியரசுத் தலைவர் பதவிக்கும் போனவர் இவரே. கொடியை விட்டுவிட்டு இந்தக் காயத்துக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள்.